கூரை போட்ட களம்

இங்கிலாந்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில் என்னைப் படுத்தியது குளிர் இல்லை, இருட்டு. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார்கள். டிசம்பரில் மாலை நாலு மணிக்கே தெருவிளக்கு எரிந்தது. கணவருக்கு கேம்பிரிட்ஜில் வேலை, எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. வாடகை வீட்டுச் சுவரில் பூஞ்சை, துவைத்த துணி காய மூன்று நாள். ஜன்னலோரம் உட்கார்ந்து தூறலைப் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும், ஆனால் மனசு போகாது.

பக்கத்து வீட்டு அம்மா ஒரு சனிக்கிழமை என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு விம்போல் எஸ்டேட்டுக்குப் போனார். நகரத்திலிருந்து தென்மேற்கே சுமார் 13 கிலோமீட்டர். நடுவில் பெரிய செங்கல் மாளிகை. அதில் கடைசியாகக் குடியிருந்தவர் எழுத்தாளர் கிப்ளிங்கின் மகள் எல்சி பாம்பிரிட்ஜ். 1976இல் அவர் இறந்தபோது எஸ்டேட் முழுவதையும் நேஷனல் டிரஸ்ட் என்ற, பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் அறக்கட்டளைக்கு எழுதிவைத்துவிட்டார். தூரத்து மேட்டில் ஒரு பாழடைந்த கோட்டை தெரிந்தது. அது பாழடைந்தது இல்லையாம். 18ஆம் நூற்றாண்டில், பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று புதிதாகவே அப்படிக் கட்டினார்களாம். நம் ஊரில் சும்மா கிடைப்பதை இங்கே காசு கொடுத்துக் கட்டியிருக்கிறார்கள்.

மாளிகைக்குள் எனக்கு ஒட்டவில்லை. எதையும் தொடக்கூடாது, ஓரமாக நடக்க வேண்டும். பத்து நிமிடத்தில் வெளியே வந்து பண்ணைப் பக்கம் நடந்தேன். சாணி வாசனை முதலில் வந்தது. எத்தனை மாதம் ஆயிற்று!

அங்கேதான் அந்தப் பெரிய கொட்டாரம். இங்கே 'பார்ன்' என்பார்கள். மரச்சட்டம் நிறுத்தி, வெளியே பலகையைப் படுக்கைவாட்டில் ஒன்றின்மேல் ஒன்று ஏறினாற்போல் அடித்து, கறுப்பாகத் தார் பூசியிருந்தார்கள். கூரை ஓடு இல்லை, வேய்ந்தது. நம் கீற்றுக் கொட்டகையைவிட நாலைந்து மடங்கு தடிமன், மழைத்தண்ணீர் ஒரு கணம்கூட நிற்காத செங்குத்துச் சரிவு. உடனே அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். இங்கே காலை பதினொன்று, தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் ஊரில் மாலை நாலரை.

"மாட்டுக்கொட்டாயாம்மா?"

"இல்லப்பா, நெல்லுக் கொட்டாய் மாதிரி. கோதுமை, பார்லி."

"அப்ப பத்தாயம்னு சொல்லு. சரி, களம் எங்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. போனைத் திருப்பிச் சுற்றிலும் காட்டினேன். கொட்டகைகளுக்கு நடுவே ஈரமும் சேறுமாக ஒரு முற்றம், அவ்வளவுதான். அங்கே நின்ற தன்னார்வலர் ஒருவரிடம் கேட்டேன். வயதானவர், கம்பளித் தொப்பி. என் அரைகுறை ஆங்கிலம் அவருக்குப் புரிந்து அவர் சிரிக்க ஒரு நிமிடம் ஆனது. என்னை உள்ளே கூட்டிப்போய் நட்டநடுவில் நிறுத்தி, காலடியைக் காட்டினார்.

களம் உள்ளேதான் இருந்திருக்கிறது.

ஆகஸ்டில் அறுத்த கதிர்க்கட்டுகளை இரண்டு பக்கமும் கூரை வரை அடுக்கிவிடுவார்கள். நடுவில் வண்டி நுழையும் உயரத்துக்கு எதிரும் புதிருமாக இரண்டு பெரிய கதவுகள், இடையே கெட்டியான தரை. மழையும் பனியுமான மாதங்களில் ஆட்கள் அங்கே நின்று கதிரடிப்பார்கள். அடிக்க ஒரு கோல் உண்டு: நீளத் தடியின் நுனியில் குட்டைத் தடி ஒன்றைத் தோல்வாரால் கட்டியது. அடித்து முடித்ததும் இரண்டு கதவையும் திறந்துவிட்டால் காற்று ஊடே பாயும். அந்தக் காற்றில் தூற்றுவார்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது நம் ஊர் வழக்கு. இவர்கள் காற்றுக்கு வாசல் வைத்துக் காத்திருக்கிறார்கள்.

அப்பாவுக்கு இதைச் சொன்னபோது அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அந்த வருடக் குறுவையை நினைத்திருப்பார். அறுத்த நெல்லை வழக்கம்போல் தார்ரோட்டில் காயப்போட்டார். ஐப்பசி மழை ஒரு வாரம் விடவில்லை, தார்ப்பாய்க்கு அடியிலேயே முளைவிட்டது.

"களத்துக்கே கூரை போட்டுட்டானுவளா" என்று மட்டும் சொன்னார்.

இதை வடிவமைத்தவர் யார் என்று தெரிந்தபோது எனக்கு இன்னும் வியப்பு. ஜான் சோன். 1788 முதல் பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் கட்டடக் கலைஞர், கொத்தனார் மகன். இளைஞராக இத்தாலி போயிருந்தபோது அங்கே பிலிப் யார்க்கைச் சந்தித்தார். யார்க் பிறகு ஹார்ட்விக் பிரபுவாகி விம்போலுக்கு உரிமையாளரானதும், மாளிகையில் வரவேற்பறை கட்டவும் இவரைத்தான் கூப்பிட்டார், 1794 வாக்கில் இந்தப் பண்ணையை வரையவும் இவரைத்தான். விவசாயத்தை 'மேம்படுத்துவது' அன்றைய பிரபுக்களுக்குப் பெருமை. பிரான்சோடு போர் தொடங்கியிருந்த காலம், தானியம் நல்ல விலைக்குப் போனது. அரசர் மூன்றாம் ஜார்ஜுக்கே 'விவசாயி ஜார்ஜ்' என்று பட்டப்பெயர்.

அந்தக் காலத்து மாதிரிப் பண்ணைகளில் கட்டடங்களை முற்றத்தைச் சுற்றி வைப்பதில் ஒரு கணக்கு உண்டு. உயரமான பார்ன் பெரும்பாலும் வடக்கே நின்று வாடையைத் தடுக்கும். மாட்டுக் கொட்டில்கள் தெற்கு வெயிலைப் பார்த்துத் திறந்திருக்கும். கதிரடித்த வைக்கோல் நேரே முற்றத்துக்கு வரும், மாடு மிதித்துச் சாணியோடு கலந்து எருவாகும், எரு வயலுக்குப் போகும். எங்கள் அம்மாச்சி வீட்டுக் கொல்லையும் இதே கணக்குதான், வரைபடம் போடத்தான் ஆள் இல்லை.

இந்த மாதிரி இடங்களில் பிரபுவின் ரசனையைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். எனக்கு அந்தக் கோல் பிடித்த கைகளைப் பற்றித்தான் கேட்கத் தோன்றியது. கூலிக்காரனுக்குக் குளிர்காலத்தில் இருந்த வேலையே கதிரடிப்புதான். 1786இல் ஸ்காட்லாந்தில் ஆண்ட்ரூ மைக்கிள் கதிரடிக்கும் இயந்திரம் செய்தார். அது பரவப் பரவ அந்தக் கூலியும் போயிற்று. 1830இல் இங்கிலாந்தின் தெற்கிலும் கிழக்கிலும் கூலிக்காரர்கள் இயந்திரங்களை உடைத்தார்கள். நூற்றுக்கணக்கானவர்களை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அவர்களும் ஒரு வகையில் புலம்பெயர்ந்தவர்கள்தான், விசா இல்லாமல்.

அன்றிலிருந்து வழியில் எந்தக் கறுப்புப் பலகைக் கட்டடத்தைக் கண்டாலும் எதிரெதிர்க் கதவைத் தேடுவேன். சிலவற்றின் முக்கோணச் சுவர் உச்சியில் சின்னத் துளை இருக்கும். ஆந்தை வந்துபோக வைத்தது. எலிக்கு அதுதான் காவல். நிறைய பார்ன்கள் இப்போது வீடுகள். கதிர்வண்டி நுழைந்த வாசலில் முழு உயரத்துக்குக் கண்ணாடி. எங்கள் தெரு முனை வீட்டில், காளான் வடிவக் கல் இரண்டு ரோஜாச்செடிக்கு நடுவே நிற்கின்றன. பழைய தானிய அறையை எலி ஏறாமல் தூக்கி நிறுத்திய கற்கள் அவை. வீட்டுக்காரரிடம் சொன்னேன், அவர் அழகுக்கு என்று நினைத்துத்தான் வாங்கினாராம்! இந்த ஊர்க்காரர் ஒருவருக்கு இந்த ஊரைப் பற்றி நான் சொல்லிக்கொடுத்த முதல் நாள் அது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு வருடம் கழித்து, ஜூன் மாதம், அப்பா வந்தார். இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருப்பதைப் பார்த்து, எப்போதுதான் சாப்பிடுவது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். லண்டன் வேண்டாம், அந்தக் கொட்டாயைக் காட்டு என்றார்.

உள்ளே போனதும் செருப்பைக் கழற்றினார். வேண்டாம்ப்பா என்றேன், கேட்கவில்லை. தூணைத் தடவினார், அண்ணாந்து கூரையைப் பார்த்தார். பழைய கலப்பைகளையும் வண்டிகளையும் மெதுவாகச் சுற்றி வந்து, ஒரு கலப்பையின் கொழு தேய்ந்த விதத்தைக் குனிந்து பார்த்து, "இடது கைக்காரன் ஓட்டியிருக்கான்" என்றார். உண்மையோ என்னவோ. அப்புறம் நடுத்தரைக்கு வந்தார். மூலையில் கிடந்த வைக்கோல் தூசியை ஒரு பிடி அள்ளி, தோள் உயரத்திலிருந்து மெல்ல விட்டார். அது நேராகக் காலடியில் விழுந்தது.

எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது.

"அந்தக் கதவையும் திறக்கச் சொல்லும்மா" என்றார். "பின்ன எப்படி காத்து வரும்?"