ஒரே குடி, இரண்டு தீர்ப்பு: பாலியல் வன்முறையைக் குறும்படமாக எடுப்பவர்களுக்கு

அவள் குடித்திருந்தால், "இவளுக்கு எதுக்கு இந்த வேலை?" அவன் குடித்திருந்தால், "போதையில தெரியாம பண்ணிட்டான்." அதே குடி அவள் கணக்கில் குற்றத்தைக் கூட்டுகிறது, அவன் கணக்கில் கழிக்கிறது. 1982-ல் ரிச்சர்ட்சன், கேம்பல் என்ற இரு ஆய்வாளர்கள் கற்பனையான ஒரு வன்புணர்வுச் சம்பவத்தை எழுதிப் படிக்கக் கொடுத்தபோதும் தீர்ப்பு இப்படித்தான் வந்தது. பாலியல் வன்முறையையும் குடியையும் ஒரே குறும்படத்துக்குள் கொண்டுவருகிறவர் முதலில் மோதப்போவது இந்தக் கணக்கோடுதான். நல்ல எண்ணத்தோடு எடுத்த படமே இதற்கு முத்திரை குத்தி அனுப்பிவிடுவதும் உண்டு.

சம்பவத்தைத் திரையில் காட்ட வேண்டுமா? "காட்டினால்தான் உறைக்கும்" என்பார்கள். 1966-ல் மெல்வின் லெர்னரும் கரோலின் சிம்மன்ஸும் செய்த சோதனை வேறு மாதிரிச் சொல்கிறது. ஒரு பெண்ணுக்கு மின் அதிர்ச்சி கொடுக்கப்படுவதாக மாணவிகளை நம்பவைத்துப் பார்க்கச் செய்தார்கள். அதிர்ச்சி உண்மையல்ல, நடிப்பு. வதை தொடரும், தடுக்க வழியில்லை என்ற நிலையில் இருந்தவர்கள் கடைசியில் அந்தப் பெண்ணையே தாழ்வாக மதிப்பிட்டார்கள். உலகம் நியாயமானது என்று நம்பிக்கொண்டிருக்க அவளிடம் ஏதாவது குறை இருந்தாக வேண்டியிருந்தது. திரையரங்கில் இருப்பவரின் நிலையும் இதுதானே? பார்க்கலாம், தடுக்க முடியாது. நான்கு நிமிடத்துக்கு நீளும் வன்முறைக் காட்சி இரக்கத்தைத்தான் உண்டாக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

பத்து நிமிடப் படமென்றால் ஸ்கிரிப்ட் ஏறக்குறைய பத்துப் பக்கம். சம்பவத்துக்கு அரைப் பக்கம் போதும். கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாலும் குறையில்லை. மறுநாள் காலையிலிருந்து தொடங்கும் பேச்சுகளுக்கு ஆறு பக்கமாவது கொடுங்கள். பழி சொல்லும் வசனத்தை வில்லனிடமோ மூக்கை நுழைக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடமோ கொடுத்தால் பார்வையாளர் தப்பித்துவிடுவார், "நான் அப்படி இல்லை" என்று. அவள்மேல் உயிரையே வைத்திருப்பவர் சொல்ல வேண்டும், அதுவும் தணிந்த குரலில்: "ஏன்மா கத்தலை?"

ஏன் கத்தவில்லை என்பதற்குப் பதில் உடலில் இருக்கிறது. கடும் அச்சத்தில் தசைகள் இறுகி, குரல் வெளிவராமல் போவது அனிச்சையாக நடப்பது. இதை வசனமாக யாரும் விளக்கத் தேவையில்லை. அசையாத ஃபிரேம், ஸ்லோமோஷன் கூடாது, பின்னணி இசை கூடாது, அறையில் ஓடும் ஏதோ ஓர் இயந்திரத்தின் சத்தம் மட்டும். அதற்காகவே லொகேஷனில் எல்லாரையும் வாயை மூடச்சொல்லி ஒரு முழு நிமிடம் ரூம் டோன், அதாவது யாரும் பேசாதபோது அந்த அறையில் கேட்கும் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். எடிட்டிங்கில் வந்து தேடினால் கிடைக்காது.

நினைவு தப்புவதைத்தான் பலரும் தவறாக எடுக்கிறார்கள். வெறும் வயிற்றில், வேகமாகக் குடித்து, ரத்தத்தில் ஆல்கஹால் சட்டென்று ஏறும்போது மூளையின் ஹிப்போகாம்பஸ் புதிய நினைவுகளைப் பதிவதை நிறுத்திவிடுகிறது. ஆள் மயங்கிக் கிடப்பதில்லை; நடப்பார், பேசுவார், சிரிக்கக்கூடச் செய்வார். பதிவுதான் இருக்காது. ஆகவே மங்கிக் கறுக்கும் ஃபேட் பொய். ஒரு ஷாட்டில் கையில் கண்ணாடித் தம்ளர், நேரடிக் கட், அடுத்த ஷாட்டில் வேறொரு அறை, வேறொரு வெளிச்சம். இடையில் ஒன்றும் இல்லை. கடைசியில் ஃபிளாஷ்பேக் வைத்து "உண்மையில் நடந்தது இதுதான்" என்று அந்த இடைவெளியை நிரப்பாதீர்கள். நிரப்பினால் அவள் சாட்சியத்தைச் சரிபார்க்கும் நீதிபதி இருக்கையில் பார்வையாளரை உட்கார வைத்ததாகிவிடும்.

குடிக்கு அடிமையானவராக ஒருவரை நடிக்கவைக்கும்போது தள்ளாடச் சொல்லாதீர்கள். போதையில் இருப்பவர் நேராக நடக்கப் பாடுபடுவார். அந்தப் பாடுதான் நடிப்பு. காலையில் நடுங்கும் கை முதல் தம்ளருக்குப் பிறகு நிலைப்படுவதை ஒரே ஷாட்டில் காட்டினால் போதும், பத்து வசனம் மிச்சம். பாட்டிலை உடைத்துவிட்டு மறுநாள் தெளிந்த முகத்தோடு வரும் காட்சி பொய் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. நீண்டகாலம் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம், 48 முதல் 96 மணி நேரத்துக்குள் மனக்குழப்பமும் மாயக்காட்சிகளும் வரலாம். உயிரே போகக்கூடும், மருத்துவக் கண்காணிப்பு வேண்டும். இன்னொன்று: குற்றம் செய்தவன் குடியை விட்டதும் படம் முடிகிறது என்றால், குற்றவாளி பாட்டில்தான் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பாட்டிலைத் தொடாத ஒருவனும் அதே அலட்சியத்தோடு நடந்துகொள்ளும் ஒரு சிறு காட்சி இருந்தால் அந்த வழி அடைபடும்.

செட்டில் நிஜ மது வேண்டவே வேண்டாம். போதையில் கொடுத்த சம்மதம் சம்மதமல்ல என்று படம் எடுத்துக்கொண்டு, நடிகரைக் குடிக்கவைத்து நெருக்கக் காட்சி எடுப்பது அபத்தம். விஸ்கிக்குக் கஃபீன் நீக்கிய கறுப்புத் தேநீர், சர்க்கரையில்லாமல், வடிகட்டி, நுரை அடங்கும்வரை வைத்திருந்து ஊற்றுங்கள். ஒரு டேக்குக்கு 40 மில்லி என்றால் எட்டு டேக்குக்கு 320 மில்லி; தேநீருக்குப் பதில் அவ்வளவு பழச்சாறு உள்ளே போனால் நடிகர் முகமே மாறிவிடும். தம்ளரின் பின்புறம் டேப் துண்டு ஒட்டி அளவைக் குறித்தால், ஷாட்டுக்கு ஷாட் மட்டம் மாறிக் கன்டினியூட்டி சிதறாது. நிஜ ஐஸ் விளக்குச் சூட்டில் கரையும், வசனத்தின் மேல் கணகணக்கும். அதற்குப் பதில் அக்ரிலிக் (பிளாஸ்டிக்) கட்டிகள் போட்டால் தம்ளரை மெதுவாக ஆட்டச் சொல்லுங்கள்.

நெருக்கக் காட்சிகளுக்கென்று பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளரை அமர்த்தப் பணம் இல்லையென்றாலும் காகிதமும் பேனாவும் இருக்கும். உடலில் எங்கே தொடலாம், எங்கே கூடாது, எத்தனை வினாடி, என்ன உடை என்று எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அந்தக் கையெழுத்து யாரையும் கட்டாது. படப்பிடிப்பு நாளன்று காலையில்கூட இருவரில் யாரும் மறுக்கலாம். ஒத்திகை நடனம்போல எண்ணிக்கைப்படி நடக்கட்டும். நிறுத்துவதற்கு வசனத்தில் வராத ஒரு சொல். அறையில் இயக்குநர், ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர், நடிகர்கள் நம்பும் ஒருவர். மற்றவர் வெளியே, அவர்கள் போனும் வெளியே. குளோசப்புகளைத் தனித்தனியாக எடுத்தால் இருவரும் சேர்ந்திருக்கும் நேரம் பாதியாகும். களைத்துப்போன நாளின் கடைசிக்கு இதைத் தள்ளாதீர்கள். இதற்குப் பிறகு லேசான ஒரு காட்சி இருக்கட்டும். தாக்குபவராக நடிப்பவரையும் கவனியுங்கள், அவரை யாரும் விசாரிப்பதே இல்லை. ஃபுட்டேஜ் எந்த ஹார்ட் டிரைவில், யார் பொறுப்பில் என்பதும் அந்தக் காகிதத்தில் வர வேண்டும்.

கேமரா அவள் கண்மட்டத்தைவிட்டு ஏறவும் வேண்டாம், உடல்மேல் ஊரவும் வேண்டாம். விசாரிக்கும் காட்சியில் வழக்கமாகக் கேமரா அவள் முகத்திலேயே நிற்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவள் முகத்தில் நின்றால் பார்வையாளர் பொய் தேடுவார். அவள் பதில் சொல்லும்போது கேட்டவர் முகத்தில் நின்றால், எடைபோடப்படுவது கேட்டவர்.

முதல் கட் முடிந்ததும் படத்தில் வேலை செய்யாத ஐந்தாறு பேருக்குப் போடுங்கள். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காமல், "எந்த இடத்தில் அவளைச் சந்தேகித்தீர்கள்?" என்று கேட்டு, அது படத்தில் வரும் நிமிடம், வினாடியை (டைம்கோடை) குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பேர் ஒரே இடத்தைச் சொன்னால் அங்கே என்ன இருக்கிறதென்று பாருங்கள். பெரும்பாலும் அவள் உடையையோ தம்ளரையோ காரணமில்லாமல் தனியாக நெருங்கிக் காட்டிய ஒரு இன்சர்ட் ஷாட்டாக இருக்கும். வெட்டினால் கதைக்கு ஒன்றும் ஆகாது. நிஜமாக ஒருவருக்கு நடந்ததைத் தழுவியிருந்தால், ஊர், உறவு, தொழில் மூன்றையும் மாற்றி, வெளியிடும் முன் அவருக்குக் காட்டி, வேண்டாம் என்றால் நிறுத்திவிடும் மனதோடு போங்கள்.

திரையிடலில் உள்ளடக்க எச்சரிக்கை, பூட்டாத கதவு, அந்தப் பகுதியின் உதவி எண் அச்சிட்ட சீட்டு எல்லாம் வேண்டும். கேள்வி நேரத்தில் யாராவது "இருந்தாலும் அவள் அங்கே போயிருக்கக் கூடாது" என்று தொடங்குவார். கதாபாத்திரத்துக்கு வக்காலத்து வாங்காமல், இதே வரியைப் படத்தில் யார் சொன்னார் என்று அவரிடமே கேளுங்கள். மைக்கை மட்டும் கைமாற விடாதீர்கள். நடத்துபவரே பிடித்துக்கொண்டு நீட்டட்டும்.