பால் குடித்தால் வியர்க்கிற பிள்ளை

மகன் பிறந்தபோது எடை 2.8 கிலோ. 45ஆம் நாள் தடுப்பூசிக்குப் போனபோது 3 கிலோ. நாளுக்கு 20, 30 கிராமாவது ஏற வேண்டுமாம். ஊசி போட வந்த செவிலியர்தான் சட்டையைக் கழற்றிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி மூச்சை எண்ணினார். நிமிடத்துக்கு 70. "பால் குடிக்கும்போது வியர்க்குதாம்மா?" என்றார்.

வியர்த்தது. மார்கழியிலும் நெற்றி நனைந்துவிடும். நாலு மடக்கு குடித்துவிட்டு அசந்துபோவான். "குடிக்கச் சோம்பல்" என்று அத்தை சொன்னதை நானும் நம்பினேன். முன்பு காட்டிய இடத்தில் சளி என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

எக்கோ என்ற இதய ஸ்கேனில், இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை. சீட்டில் 'ஹார்ட் ஃபெயிலியர்' என்று பார்த்ததும் இதயம் நிற்கப்போகிறது என்றே நினைத்து அழுதேன். டாக்டர் படம் வரைந்து காட்டினார். பிறந்த புதிதில் நுரையீரல் ரத்தக்குழாய்கள் இறுக்கமாக இருக்குமாம், அதனால் ஒன்றும் தெரியாது. சில வாரத்தில் அவை தளர்ந்ததும் ரத்தம் ஓட்டை வழியாக நுரையீரலுக்குப் பாய்கிறது. இதயம் இரட்டை வேலை பார்த்துக் களைக்கிறது. பால் குடிப்பதுதான் அவனுக்கு மலையேறுவது மாதிரி.

அப்புறம் மூன்று மாதம் வீட்டில் நடந்ததெல்லாம் கிராம் கணக்குதான். நீர் பிரிய ஃபியூரோசமைடு, கூடவே இதயத்தின் சுமை குறைய எனலாப்ரில், ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து. இரண்டு மணிக்கொருமுறை பால். அரை மணிக்கு மேல் இழுத்தால் குடித்ததைவிடச் செலவழிப்பது அதிகம் என்பதால், மிச்சத்தைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டுவேன். சளி பிடித்தவர்களை வாசலோடு அனுப்பிவிடுவேன். சொந்தக்காரர்களுக்குக் கோபம்தான், இருக்கட்டும்.

வருமானச் சான்று, ரேஷன் கார்டு எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்துக்கு அலைந்து முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கியது இவர் வேலை.

ஐந்தாம் மாதம், 4.3 கிலோவில், அறுவை சிகிச்சை. ஓட்டையை ஒட்டுப்போட்டு அடைத்தார்கள். ஐசியூவில் குழாய்களுக்கு நடுவே அவனைப் பார்த்த அந்த நிமிடத்தை எழுத வரவில்லை.

வார்டுக்கு வந்த மறுநாள் பத்து நிமிடத்தில் குடித்து முடித்தான். பழக்கத்தில் துண்டை எடுத்தேன். நெற்றி காய்ந்திருந்தது. "இன்னும் கேக்குறான், குடு" என்றார் அத்தை.