பழைய ரிவால்வர், இறுகிய டிரிகர்

2 மார்ச் 2024, சனி

ஏதோ ஒரு போலீஸ் துறை கழித்துக்கட்டிய ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 10 ஒன்று கைக்கு வந்திருக்கிறது. .38 ஸ்பெஷல், ஆறு தோட்டா, நாலு அங்குலக் குழல். வரிசை எண் ‘டி’ எழுத்தில் தொடங்குவதால் 1968க்கு முந்தையது இல்லை. உறையில் உரசி உரசிக் குழல் முனையில் கறுப்பு போயிருக்கிறது. சுமந்த அளவுக்குச் சுட்டிருக்க மாட்டார்கள் போல.

டிரிகர்தான் படுத்துகிறது. தோட்டாவை அடிக்கிற சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து வைத்துச் சுட்டால் பரவாயில்லை. நேரடியாக டிரிகரையே முழுசாக இழுத்தால் பாதி வழியில் கரகரவென்று தடுக்கிறது, குறி நகர்ந்துவிடுகிறது. அளக்கத் தனிக் கருவி எதற்கு? ஊருக்குப் போகும்போது பெட்டியை எடை பார்க்கிற கொக்கித் தராசு டெக்ஸாஸில் எந்தத் தமிழ் வீட்டில் இல்லை? அதை மாட்டி இழுத்தேன். 6.1 கிலோ.

3 மார்ச், ஞாயிறு

தோட்டாவெல்லாம் வேறு அறையில். தோட்டா செருகுகிற உருளையான சிலிண்டரைத் திறந்து ஆறு ஓட்டையையும் பார்த்துவிட்டுத்தான் கழற்ற உட்கார்ந்தேன்.

பக்கத் தட்டில் மூன்று திருகுகள். முன்னால் இருப்பது சிலிண்டர் தாங்கியையும் பிடித்துக்கொண்டிருக்கும், அதை மற்றதோடு மாற்றிப் போடக் கூடாது. திருகைக் கழற்றியதும் தட்டை நெம்பவே கூடாது, நெம்பினால் விளிம்பு வளைந்து ஜென்மத்துக்கும் இடைவெளி தெரியும். கைப்பிடிச் சட்டத்தை ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் தட்டிக்கொண்டே இருந்தால் அதுவே எழும்பி வரும். வந்தது.

உள்ளே பல வருஷத்து எண்ணெய் பழுப்பாகக் காய்ந்து, பழைய தையல் மெஷின் அடிப்பக்கம் மாதிரி பிசின் கட்டியிருந்தது. மினரல் ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, உரசும் இடங்களில் மட்டும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய். மாட்டி அளந்தால் 5.4. ஒரு ஸ்பிரிங்கைக்கூடத் தொடாமல் வந்த குறைவு இது. ஆனால் இணையத்தில் கேட்டால் எடுத்த எடுப்பில் ஸ்பிரிங்கை வெட்டச் சொல்கிறார்கள்!

9 மார்ச், சனி

டிரிகரை இழுக்கும்போது விரல் மல்லுக்கட்டுவது இரண்டு ஸ்பிரிங்கோடு. கைப்பிடிக்குள் இருக்கும் பட்டை ஸ்பிரிங் சுத்தியலை அடிக்க வைப்பது. டிரிகருக்குப் பின்னால் நகரும் ரீபவுண்ட் ஸ்லைடு என்ற கட்டைக்குள் இருக்கும் சுருள் ஸ்பிரிங் டிரிகரைத் திரும்ப முன்னுக்குத் தள்ளுவது. பட்டை ஸ்பிரிங்கின் வலு குறைந்தால் அடி மெலிந்து பிரைமர், அதாவது தோட்டாவின் அடியில் அடிபட்டுப் பற்றுகிற சிறு மூடி, வெடிக்காமல் போகும். கைப்பிடியின் முன்பக்கத் திருகைத் தளர்த்தி இழுவையைக் குறைக்கிற குறுக்குவழியும் இதே வம்பில்தான் முடியும். அது இறுக்கமாகவே இருக்கட்டும்.

அதனால் மாற்றியது சுருளை மட்டும். வுல்ஃப் கம்பெனியின் 14 பவுண்டு ஸ்பிரிங். இன்னும் மெல்லியது கிடைக்கும், ஆனால் டிரிகர் சோம்பேறித்தனமாகத் திரும்பும், வேகமாகச் சுடும்போது முழுசாகத் திரும்புமுன் விரல் மறுபடி இழுத்துவிடும். பழையதைக் கழற்றும்போது மேலே துணி போட்டுக்கொள்ள வேண்டும், தெறித்தால் சோபாவுக்கு அடியில்தான் தேட வேண்டும். ஸ்லைடின் அடிப்பக்கத்தையும் சட்டத்தை உரசும் பக்கத்தையும் நைஸான கல்லில் தட்டையாக வைத்து, பளபளப்பு வரும்வரை மட்டும் தேய்த்தேன். சுத்தியலும் டிரிகரும் கொக்கிபோல் சந்திக்கும் முனைகளில் கல் படவே இல்லை. அங்கே கடினமான மேல்தோல் மெல்லியது. அது போனால் ரிவால்வர் தானாக வெடிக்கிற அளவுக்கு ஆபத்து.

இப்போது 4.6. கரகரப்பு கிட்டத்தட்ட இல்லை. காலி ரிவால்வரில் சுத்தியலைப் பின்னிழுத்து நிறுத்தி, கட்டைவிரலால் பின்னாலிருந்து அழுத்தித் தள்ளிப் பார்த்தேன், நழுவவில்லை. மெதுவாக இழுத்தாலும் சுத்தியல் விழுமுன் சிலிண்டரின் ஆறு ஓட்டையும் முறைக்கு ஒன்றாகக் குழலுக்கு நேரே வந்து பூட்டிக்கொள்கின்றன.

16 மார்ச், சனி

சுடும் ரேஞ்சுக்கு வேண்டுமென்றே பல கம்பெனித் தோட்டாக்களைக் கலவையாக எடுத்துப்போனேன். ஃபெடரல் கம்பெனியின் பிரைமர் மென்மையானது, அதில் எல்லாத் துப்பாக்கியும் பாஸாகிவிடும். கடினமான பிரைமர் போட்டவைதான் உண்மையான பரீட்சை. எல்லாமே முதல் அடியில் வெடித்தன. ஏழு கஜத்தில், முழு இழுவையில், ஓட்டைகள் உள்ளங்கை அளவுக்குள் அடங்கின.

பக்கத்து லேன் நண்பர் இழுத்துப் பார்த்துவிட்டு, “பட்டை ஸ்பிரிங்கையும் மாத்திடுங்க சார், நாலுக்குக் கீழ வரும்” என்றார். வரும்தான். போட்டிக்கு மட்டும் எடுத்துப்போகிற, மென்மையான பிரைமரையே ஊட்டி வளர்க்கிற ரிவால்வர் என்றால் சரி. இது அப்படி இல்லை. பழைய சுருளை ஒரு கவரில் போட்டு, மேலே ‘மாடல் 10’ என்று எழுதிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.