சித்தூர்ப் புழை: மேலே ஒன்று, அடியில் ஒன்று

பாலக்காட்டுச் சித்தூர்ப் புழையில் ஓட்டம் அடங்கிய ஓரமாக நின்றால், முதலில் கண்ணில் படுவது தண்ணீர்மேல் சறுக்கி ஓடும் பூச்சி. பலர் சிலந்தி என்பார்கள். இல்லை, கால் ஆறுதான். குட்டையான முன்கால் இரை பிடிக்க, நடுக்கால் துடுப்பு, பின்கால் சுக்கான். கால் மயிர் நனையாததால் மிதக்கிறது. சோப்பு கலந்தால் நீர்ப்பரப்பின் இழுவிசை குறைந்து அமிழ்ந்துவிடும், பாவம். துவைகல் பக்கம் தேடாதீர்கள்.

தட்டான் குஞ்சு நேர் எதிர். அடிச்சேற்றில் அசையாமல் கிடக்கும். செவுள் மலக்குடலுக்குள் இருக்கிறது! மிரண்டால் அங்கே இழுத்து வைத்த தண்ணீரைப் பின்னால் பீய்ச்சி முன்னே பாயும். மடக்கி வைத்த கீழுதட்டைச் சட்டென நீட்டித் தலைப்பிரட்டையைக் கவ்வும். வால்நுனியில் இலைபோல மூன்று மடல் தெரிந்தால் அது ஊசித்தட்டான் குஞ்சு.

பார்ப்பதற்கு வெள்ளைத் தட்டில் இரண்டு விரல் உயரம் ஆற்றுத் தண்ணீர் போதும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் ஆகாது. வெயிலில் வைத்தால் தண்ணீர் சூடேறிப் பிராணவாயு குறையும். நிழலில் பார்த்துவிட்டு உடனே விடுங்கள். புரட்டிய கல்லை முன்பிருந்தபடியே வையுங்கள். கோரைத் தண்டில் முதுகு பிளந்த வெற்றுத்தோல் ஒட்டியிருந்தால், அங்கிருந்து ஒரு தட்டான் பறந்துவிட்டது.