கடல் கொழித்த மணல்

உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் ஆய்வுகூடச் சுவரில் ஒரு படம் ஒட்டி வைத்திருந்தேன். ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 1831ஆம் ஆண்டளவில் வரைந்த மர அச்சுப் படம். நுரையெல்லாம் நகம் நீட்டிய விரல்களாக விரிந்து நிற்கும் பேரலை, அதற்குள் அகப்பட்ட மூன்று படகுகள், தூரத்தில் சின்னதாக ஃபூஜி மலை. அலைகள் பாடம் வந்ததும் அந்தப் படத்தைக் காட்டி, "இதுதான் சுனாமி" என்று சொல்லித்தான் தொடங்குவேன். பிள்ளைகள் உடனே நிமிர்ந்து பார்ப்பார்கள்.

ஒருநாள் வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு, எங்கள் ஆய்வுகூட உதவியாளர் படத்துக்கு முன்னால் நின்றார். கிண்ணியாக்காரர், என்னைவிட வயதில் மூத்தவர். நாங்கள் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். 2004 டிசம்பர் 26 அவருடைய வீட்டிலிருந்து எதை எதைக் கொண்டுபோனது என்று எனக்குத் தெரியும். மெதுவாகத்தான் சொன்னார்.

"ரீச்சர், அது இப்பிடி வரல்ல. அலையா வரல்ல. கடல் அப்பிடியே எழும்பி வந்தது. நிக்காம வந்துகொண்டே இருந்தது."

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஏனென்றால் நான் கரும்பலகையில் வருடா வருடம் எழுதுகிற சமன்பாடு அவர் சொன்னதைத்தான் சொல்கிறது. சுனாமியின் வேகம் ஆழத்தையும் புவியீர்ப்பு ஆர்முடுகலையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம். நாலாயிரம் மீற்றர் ஆழத்தில் அது மணிக்கு 700 கிலோமீற்றரைத் தாண்டும். பத்து மீற்றர் ஆழத்தில் மணிக்கு 36 கிலோமீற்றர்தான். ஆழ்கடலில் அதன் அலைநீளமோ நூறு கிலோமீற்றருக்கும் மேல். அவ்வளவு நீளமான அலையின் முகடு கரைக்கு வரும்போது, கரையில் நிற்கிறவனுக்கு அது கடலே உயர்ந்து, பல நிமிடம் விடாமல் உள்ளே வருவதாகத்தான் இருக்கும். நடுக்கடலில் படகில் இருப்பவனுக்கு அது போனதே தெரியாது. படத்தில் உள்ள படகுக்காரர்களோ குனிந்து துடுப்பைப் பிடித்துக்கொண்டு உயிருக்குப் போராடுகிறார்கள். அது காற்று கிளப்பிய அலை. இத்தனை வருடம் படத்தையும் சரியாகப் பார்க்கவில்லை, சமன்பாட்டையும் சரியாகப் பார்க்கவில்லை.

படத்தைக் கழற்றவில்லை. பாடத்தைத்தான் மாற்றினேன். இப்போது நுரையின் ஓரத்தைப் பார்க்கச் சொல்கிறேன். பெரிய வளைவின் விளிம்பில் அதே வடிவத்தில் சின்ன வளைவுகள், அவற்றின் விளிம்பில் இன்னும் சின்னவை. அப்படித் தன்னைத்தானே சிறிதாக்கிக்கொண்டு போகும் வடிவத்துக்குப் பிராக்டல் என்று மாண்டல்புரோ பெயர் வைத்தது 1975இல். ஹொக்குசாய்க்கு அந்தச் சொல் தேவைப்படவில்லை. நுரையை அவ்வளவு கவனித்திருக்கிறார், போதும்.

இதற்குப் பிறகு கலையில் விஞ்ஞானம் தெரிகிறது என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நின்று பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. ஔவையார் "அணுவைத் துளைத்து" என்று பாடியதால் அணுப்பிளவு அவருக்குத் தெரியும் என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளை எழுதிக்கொண்டு வரும். அது குறளின் சுருக்கத்தைப் புகழ்ந்த வரி. அந்த அழகை விட்டுவிட்டு அதன் தலையில் 1938ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பை ஏற்றிவைத்தால், பாட்டுக்கும் நட்டம், பௌதிகத்துக்கும் நட்டம் என்று பிள்ளைக்குச் சொல்வேன்.

ஆனால் ஒரு வரி என்னை அப்படி விடவில்லை. காலைப் பிரார்த்தனையில் ஒரு மாணவி சம்பந்தரின் கோணமலைப் பதிகம் பாடினாள். சின்ன வயதிலிருந்து கேட்டது, எங்கள் திருகோணமலைக் கோணேசர் கோயிலில் நானும் எத்தனையோ தரம் பாடியது.

"குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமா மலைஅமர்ந் தாரே."

அன்றைக்குத்தான் "கொழிக்கும்" காதில் விழுந்தது. கடல் அலை நித்திலத்தை, அதாவது முத்தை, தள்ளும் என்றோ எறியும் என்றோ சொல்லவில்லை. கொழிப்பது சுளகில் செய்கிற வேலை. புடைப்பது வேறு, அது தூக்கிப்போட்டு உமியைக் காற்றில் விடுவது. கொழிக்கும்போது சுளகைச் சற்றே சரித்து, மெல்ல அசைத்து, ஒன்றை ஒரு பக்கமும் மற்றதை இன்னொரு பக்கமும் ஒதுக்குவோம். அம்மா அரிசியில் கல் பார்ப்பது அப்படித்தான்.

இங்கிருந்து வடக்கே, குச்சவெளி தாண்டிப் புல்மோட்டைக்குப் போனால் கடல் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. வாடைக்காற்றுக் காலத்து அலை அடித்து ஓய்ந்த பிறகு கரையில் கரிய மணல் பட்டை பட்டையாகக் கிடக்கும். இல்மனைற் என்ற பாரமான கனிமம், கூடவே சிர்க்கோன், ரூற்றைல் என்ற வேறு இரண்டு. சாதாரண வெள்ளை மணல் கன சென்ரிமீற்றருக்கு 2.65 கிராம், இல்மனைற் 4.7 அளவில். ஏறி வரும் அலை எல்லாவற்றையும் கொண்டுவரும். திரும்பும் நீருக்கு அவ்வளவு வலு இல்லை. பாரமான சிறு மணிகள் அடியில் பதுங்கி நின்றுவிட, லேசானதை மட்டும் அது கூட்டிக்கொண்டு போகும். இது ஆயிரக்கணக்கான வருடம் நடந்தால் ஒரு சுரங்கமே உண்டாகும், புல்மோட்டையில் உண்டாகியிருக்கிறது.

நானா ஒரு போத்தலில் அந்த மணல் கொண்டுவந்து தந்தார். வெள்ளை மணலோடு கலந்து, வீட்டுச் சுளகை மேசையில் வைத்து, யாருக்குக் கொழிக்கத் தெரியும் என்று கேட்டேன். பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி வந்தாள். கணக்கில் அவள் எப்போதும் தயங்குகிறவள். சுளகை இடுப்பில் அணைத்து, மணிக்கட்டை மட்டும் ஆட்டினாள். முழுதாகப் பிரியவில்லை. ஆனால் இரண்டு மூன்று நிமிடத்தில் கருப்பு ஒரு கோடாக ஒதுங்கியது. வகுப்பு சுளகைச் சுற்றி நெருக்கியடித்து நின்றது.

சம்பந்தர் இந்தக் கரைக்கு வந்ததில்லை, இராமேச்சரத்தில் நின்றே பாடினார் என்பதுதான் மரபு. அப்படியென்றால் அவர் எங்கள் கரிய மணலைப் பார்த்திருக்க முடியாது. ஆனால் காழியில் பிறந்து காவிரிக் கரையில் நடந்தவருக்கு, நீர் மணலை ஒதுக்குகிற விதம் தெரியாமல் இருந்திருக்குமா? அதற்கும் மேலாக, சுளகில் நடப்பதும் கரையில் நடப்பதும் ஒன்று என்று கண்டுகொண்ட சொல் ஏற்கெனவே தமிழில் இருந்திருக்கிறது. யாரோ ஒரு பெண் முற்றத்தில் இருந்து கண்டதாக இருக்கலாம். எனக்கு அப்படி நினைக்கத்தான் விருப்பம்.

சரி, அத்தோடு முடிந்தது என்று சுளகை எடுக்கப் போனபோது அதே பிள்ளை கேட்டாள்.

"ரீச்சர், முத்தின்ர அடர்த்தி எவ்வளவு?"

தேடிப் பார்த்தோம். 2.7 அளவில். வெள்ளை மணலோடு கிட்டத்தட்ட ஒன்று. பாரத்தை மட்டும் வைத்துக் கடல் முத்தை மணலிலிருந்து பிரிக்காது. நான் அவ்வளவு உற்சாகமாகச் சொன்ன விளக்கம் கரிய மணலுக்குச் சரி, பாட்டில் உள்ள முத்துக்கு ஒட்டவில்லை. அவளிடம் அதைச் சொன்னேன். "அப்ப பருமன் பாக்கோணும்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை ஏழெட்டுப் பிள்ளைகளோடு உப்புவெளிக் கரைக்குப் போனோம். முத்து எங்கே கிடைக்கும்? அவள் சிப்பி ஓட்டைத் தேடினாள். முத்தும் ஓடும் ஒரே கல்சியம் காபனேற்றுத்தானே. உடைந்த ஓடுகள் கரை முழுக்கச் சிதறிக் கிடக்கவில்லை. அலை ஏறி, ஓய்ந்து, திரும்பும் இடத்தில் ஒரு வளைந்த வரிசையாக ஒதுங்கியிருந்தன. அதற்குக் கீழே வழுவழுப்பாக மணல் மட்டும். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த வரிசை நெடுகக் குனிந்து, ஒவ்வொரு ஓட்டின் பருமனையும் அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் எழுதிக்கொண்டே நிலாவெளிப் பக்கமாக நடந்தாள். வெயில் ஏறும்வரை நாங்கள் அவளுக்குப் பின்னால் நடந்தோம்.