வனத்துச் சின்னப்பர் வீட்டுக்கு வழி

ஜனவரி 11, 2026, ஞாயிறு

கெய்ரோவுக்கு வந்து ஒன்றரை வருடம். ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிப்போய்ப் பிரமிடை நாலு தடவை பார்த்தாயிற்று. இந்த முறை எனக்காக ஒரு பயணம் என்று நேற்று ராத்திரி உட்கார்ந்து பாலைவனத்துக் கோப்டிக் மடங்களை, அதாவது எகிப்தின் பழைய கிறிஸ்தவ சபையின் துறவி மடங்களைப் பட்டியல் போட்டேன். வாடி நட்ரூனில் நாலு, செங்கடல் பக்கம் அன்பா பௌலா, அந்தோனியார் என்று இரண்டு, மின்யா பக்கம் அன்பா சாமுவேல், அஸ்யூத் பக்கம் முஹர்ரக். எட்டு மடம், நாலு நாள். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிறவன் போல.

இங்கே ஞாயிறு வேலை நாள். எதிர் மேசைக்காரரிடம் பட்டியலைக் காட்டினேன். ஷுப்ராவில் வசிப்பவர், வலது மணிக்கட்டில் சின்னச் சிலுவை பச்சை குத்தியிருக்கும். "எப்போது?" என்றார். பிப்ரவரி கடைசி என்றதும் சிரித்துவிட்டார். பிப்ரவரி 16இல் பெரிய நோன்பு ஆரம்பிக்கிறதாம், 55 நாள், ஈஸ்டர் ஏப்ரல் 12. நோன்பில் பல மடங்கள் வெளியாட்களுக்குக் கதவைச் சாத்திவிடும். எனக்குத் தெரிந்த தவக்காலம் 40 நாள் கணக்குதான். கிறிஸ்துமஸுக்கு முன்னாலும் இவர்களுக்கு 43 நாள் நோன்பு உண்டு, அது போன வாரம்தான் முடிந்தது. வருடத்தில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு நோன்பு.

ஜனவரி 15, வியாழன்

அம்மா போன். "இன்னைக்கு வனத்துச் சின்னப்பர் திருநாள்டா, தெரியுமா?" எனக்கு ஒரு நிமிடம் ஓடவில்லை. அப்புறம்தான் உறைத்தது: பட்டியலில் "அன்பா பௌலா" என்று எழுதி வைத்திருப்பது இவரைத்தான், பாலைவனத்தில் தனியாகத் தவமிருந்த புனிதர். பவுலுக்கு நம் பழைய பெயர் சின்னப்பர். பட்டியலில் அவருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தோனியார், நம் வனத்து அந்தோனியார். சின்ன வயதில் "வனம்" என்றால் மரம் செடி கொடி என்றே நினைத்திருந்தேன், பாட்டி சொன்ன கதையில் வரும் காகமும் ஏதோ ஆலமரத்தில் உட்கார்ந்திருந்தது. பைபிளின் வனாந்தரம்தான் அந்த வனம் என்பது, இந்த வயதில், படத்தில் அந்த மொட்டை மலையைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது. ஒரு மரம் கிடையாது.

கதை மறந்தவர்களுக்கு: சின்னப்பருக்குத் தினமும் ஒரு காகம் அரை ரொட்டி கொண்டுவரும். அந்தோனியார் தேடி வந்த அன்று முழு ரொட்டி. காக்கா கரைந்தால் விருந்தாளி வருவார் என்போமே, இந்தக் காகம் சாப்பாட்டையும் சேர்த்தே கொண்டுவந்துவிட்டது. யார் முதலில் பிய்ப்பது என்று இரண்டு கிழவர்களும் "நீங்கள், நீங்கள்" என்று சாயங்காலம் வரை உபசரித்துக்கொண்டார்களாம், கடைசியில் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தார்களாம்.

ஜனவரி 23, வெள்ளி

பட்டியல் கரைகிறது. அன்பா சாமுவேலுக்குப் போகும் வழியில் 2017 மே மாதமும் 2018 நவம்பரிலும் யாத்திரைப் பேருந்துகளைச் சுட்டார்கள். எதிர் மேசைக்காரர் அதைப் பற்றிப் பேசவில்லை, பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். முஹர்ரக் ரொம்பத் தூரம். வாடி நட்ரூனின் நான்கில் ஒன்றான அபு மகாருக்கு முன்அனுமதி வேண்டும்.

அங்கே மற்ற மூன்றையும் பிறகு ஒரே நாளில் பார்த்துவிடலாம், அலெக்ஸாண்ட்ரியா சாலையில் நூறு கிலோமீட்டர் சுமார்தான். அங்கே சிரியர் மடத்துக்குள் ஒரு புளியமரம் இருக்கிறது, புனித எஃப்ரேம் ஊன்றிய கைத்தடி துளிர்த்தது என்கிறார்கள். அரபியில் புளிக்குப் பெயர் "தமர் ஹிந்தி", இந்தியப் பேரீச்சை. அதற்காகவாவது போக வேண்டும்.

முதலில் செங்கடல் பக்கம், அம்மாவின் ஆட்கள் இருவர்.

ஜனவரி 30, வெள்ளி

இன்றே போகலாம் என்று பார்த்தேன், நல்லவேளை கேட்டேன். நம் ஊரில் ஜனவரி 17 அந்தோனியார் திருநாள், இவர்கள் காலண்டரில் தூபா மாதம் 22, அதாவது இன்று. அந்தோனியார் மடத்தில் இன்று கூட்டம் நெரியும். அடுத்த திங்கள் முதல் புதன் வரை யோனா நோன்பு. 16இல் பெரிய நோன்பு, 18ஓ 19ஓ ரமலான், அதில் டிரைவர் நோன்புத் திறப்புக்கு வீட்டுக்கு ஓடிவிடுவார். ஆக பிப்ரவரி 7, சனி. எல்லா நோன்புக்கும் நடுவில் சந்து மாதிரி ஒரு நாள்.

இரண்டு மடங்களுக்கும் நடுவே மலை. நடந்து தாண்டினால் சுமார் 30 கிலோமீட்டர், காரில் கடற்கரை ஊரான ஸஃபரானா வழியாகச் சுற்றினால் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். நான் காரில்தான். அந்தோனியாரின் குகைக்கு மட்டும் சுமார் 1,200 படி, முட்டியைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்லும், நான் கேட்கப்போவதில்லை. கீழே பழைய கோவிலில் 1230களின் சுவரோவியங்கள். நூற்றாண்டுக் கணக்கான கரிப்புகைக்கு அடியில் கிடந்தவற்றை 1990களில்தான் சுத்தம் செய்து வெளியே கொண்டுவந்தார்கள். குகையா ஓவியமா என்று நேரம் இழுத்தால் நான் ஓவியத்துக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

காலை ஐந்து மணிக்கு வண்டி. தண்ணீர் ஆறு பாட்டில், பாஸ்போர்ட், அதன் நகல் (வழியில் செக்போஸ்ட்), தொப்பி, முழுக்கை சட்டை. ரொட்டி எடுத்துப் போகவா என்று எதிர் மேசைக்காரரிடம் கேட்டேன், மடத்திலேயே ஃபூலும் (வேகவைத்த அவரை வகை) ரொட்டியும் தருவார்கள், போய்ச் சாப்பிடு என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அங்க காக்கா இருந்தா ஒரு போட்டோ எடுத்து அனுப்புப்பா."