பாட்டியின் வாழ்த்தும் மறைந்த படமும்

2026 மார்ச் 2

இன்று காலை அம்மா தொலைபேசியில் அழைத்து, பேத்தியின் பிறந்தநாள் படத்தை இன்ஸ்டாகிராமில் காணவில்லையே, நான் எழுதியதில் ஏதேனும் பிழை இருந்ததா என்று கேட்டார். எழுபது வயதில் அம்மா அந்தக் கணக்கைத் தொடங்கியதே பேத்தியின் படங்களைப் பார்ப்பதற்காகத்தான். அந்தப் படத்தின் கீழே வாழ்த்துச் சொல்லி, இரவில் நெடுநேரம் கண்விழிக்காதே என்று அறிவுறுத்தி, கணக்குத் தேர்வை எப்படி எழுதினாய் என்று விசாரித்து, கடிதத்தின் முடிவில் இடுவது போலத் தம் பெயரையும் எழுதியிருந்தார். பதினைந்து வயது மகள் அந்தக் கமெண்டை அழிக்கவில்லை. படத்தையே ஆர்கைவ் செய்து, அதாவது அழிக்காமல் பிறர் பார்வையிலிருந்து மறைத்து வைத்துவிட்டாள். வகுப்பே படிக்கும் இடத்தில் பாட்டி தன்னிடம் தனியாகப் பேசுவது போல எழுதிவிட்டார் என்பது அவள் தரப்பு. அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 4

இரண்டு நாட்களாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா எழுதும்போது அவர் மனத்தில் இருப்பவர் ஒருவர் மட்டுமே. மகள் ஒரு படத்தை இடும்போது முந்நூறு பேர் பார்ப்பார்கள் என்ற எண்ணம் அவளை விட்டு அகல்வதில்லை. அதனால்தான் அவள் பக்கத்தில் மொத்தமே பதினொரு படங்கள் இருக்கின்றன; மற்றதெல்லாம் நேரடிச் செய்திகளிலும், 'க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ்' பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும் தெரியும் ஸ்டோரிகளிலும் நடக்கிறது. இருபத்து நான்கு மணி நேரத்தில் மறைந்துவிடும் ஸ்டோரி என்ற வடிவத்தை 2013இல் ஸ்னாப்சாட் கொண்டுவந்தது, 2016இல் இன்ஸ்டாகிராமும் எடுத்துக்கொண்டது. மறைந்துவிடும் என்பதாலேயே மகளின் தலைமுறைக்கு அதில் தயக்கமின்றிப் பேச முடிகிறது. அம்மாவோ பேத்தியின் ஒவ்வொரு ஸ்டோரியையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தனி ஆல்பத்தில் சேர்த்து வைக்கிறார். இருப்பது மறைந்துபோகக் கூடாது என்ற அக்கறை அவருக்கு.

மார்ச் 5

அம்மா அனுப்பிய 'சரி.' என்ற ஒற்றைச் சொல்லைக் காட்டி, பாட்டி கோபமாக இருக்கிறாரா என்று மகள் கேட்டாள். அந்த முற்றுப்புள்ளிதான் காரணம். அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஓர் ஆய்வில், குறுஞ்செய்தியாக வரும் ஒற்றைச் சொல் பதில் முற்றுப்புள்ளியுடன் முடிந்தால் அதில் மனம் ஒட்டவில்லை என்று வாசித்தவர்கள் கருதியது தெரியவந்தது. வாக்கியத்தை முடிக்காமல் விடக் கூடாது என்று கற்று வளர்ந்தவர் அம்மா.

மார்ச் 9

ஒரு மருந்தைப் பற்றிய பொய்த் தகவலை அம்மா இன்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். இளையவர்கள் சிலர் சிரித்ததைக் கண்டு எனக்கு வருத்தமாக இருந்தது. 2016ஆம் ஆண்டின் அமெரிக்க அதிபர் தேர்தல் காலத்து ஃபேஸ்புக் பகிர்வுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, மிக இளைய வயதுப் பிரிவினரைவிட 65 வயதைக் கடந்தவர்கள் ஏறத்தாழ ஏழு மடங்கு அதிகமாகப் பொய்ச்செய்தித் தளங்களின் இணைப்புகளைப் பகிர்ந்ததாகக் கூறியது. அந்த எண்ணை மேற்கோள் காட்டுபவர்கள், அதே ஆய்வில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அப்படி ஓர் இணைப்பைக்கூடப் பகிரவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

மாலையில் அம்மாவிடம் பேசியபோதுதான் ஒன்று புரிந்தது. பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது என்று காட்டும் இரட்டை அம்புக்குறியை, இத்தனை பேர் படித்து ஏற்றுக்கொண்ட செய்தி என்பதற்கான சான்றாக அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்! எச்சரிக்கையாக வைக்கப்பட்ட குறி அவருக்கு நற்சான்றாகத் தெரிந்திருக்கிறது. மேலும், அதை அனுப்பியவர் நாற்பது ஆண்டுகாலத் தோழி. அவரை நம்பாமல் வேறு யாரை நம்புவார்? சென்ற டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதற்கான தடை நடைமுறைக்கு வந்தது. இளையோரைப் பற்றிய அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் ஓர் அம்புக்குறியின் பொருளை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து விளக்க எனக்கே இத்தனை ஆண்டுகள் தோன்றவில்லை என்பது உறுத்துகிறது.

மார்ச் 13

எல்லாவற்றையும் வயதின் கணக்கில் எழுதுவதும் சரியில்லை. 2006 செப்டம்பரில் ஃபேஸ்புக் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டபோது எனக்கு இருபத்தைந்து வயது. சேர்ந்த பிறகு பல ஆண்டுகள் பயணம், மனவருத்தம், அலுவலகச் சலிப்பு எல்லாவற்றையும் அங்கே எழுதினேன். மகள் என் பழைய பதிவுகளைப் படித்து, இவ்வளவையும் எல்லோருக்கும் தெரிய எழுதினீர்களா என்று திகைத்தாள். இன்று தினமும் ஒரு மணி நேரம் மற்றவர்கள் எழுதுவதைப் பார்க்கிறேன், எதுவும் எழுதுவதில்லை. அமெரிக்கப் பதின்ம வயதினரில் ஃபேஸ்புக் பயன்படுத்தியவர்கள் 2014–15இல் 71 சதவீதம், 2022இல் 32 சதவீதம் என்று பியூ ஆய்வு மையத்தின் கணக்கெடுப்புகள் காட்டின. வயது அதேதான்; ஆனால் அதற்குள் அங்கே பெற்றோரும் மற்ற உறவினரும் வந்து சேர்ந்துவிட்டிருந்தார்கள். யார் பார்க்கிறார்கள் என்பது மாறினால் எந்த வயதினரும் மாறுகிறார்கள் என்றே நான் எண்ணுகிறேன்.

மார்ச் 20

அம்மாவிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். அந்தக் கமெண்டை எத்தனை பேர் படிக்க முடியும் என்று காட்டியபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தேர்வைப் பற்றி அத்தனை பேர் முன்னால் கேட்டிருக்கக் கூடாது என்று தாமாகவே சொன்னார். நேரடிச் செய்தி அனுப்பக் கற்றுக்கொடுத்தேன். இரவில் மகள் படத்தைத் திரும்பவும் பக்கத்தில் வைத்தாள், பாட்டியின் கமெண்டோடு.

மார்ச் 21

பேத்தியிடமிருந்து ஓர் இதயக் குறி மட்டும் வந்திருக்கிறது, படித்தாளா இல்லையா என்று அம்மா கேட்டார். படித்துவிட்டாள் என்பதற்குத்தான் அந்தக் குறி என்றேன். அப்படியானால் கணக்குத் தேர்வுக்கு என்ன பதில் என்றார்.